டி டிரைவில் ஒன்று, இ டிரைவில் ஒன்று

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் மெஹர் அக்கா மவுஸைப் பிடித்தார். திரையில் ஒரு பட்டனைச் சொடுக்கினார். நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அவர் புருஷன் சாதிக் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். பையைக் கீழே வைத்தேன். தண்ணீர் வந்தது, குடித்தேன். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போனது. பம்மலில் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட இடத்தில் தொடர்வோம்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கம்ப்யூட்டர் பேசியது. "வாங்க தம்பி, உக்காருங்க."

மெஹர் அக்காவின் குரல்தான். அதே கணீர். நான் சிரித்துவிட்டேன். "உக்காந்து தண்ணியே குடிச்சு முடிச்சிட்டேன்க்கா" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வாசகி கேட்ட கேள்வி

இந்தத் தொடரில் இதுவரை என் பிரதாபங்களையே எழுதி வந்திருக்கிறேன். மழைத்தண்ணீரில் மூழ்கிய கம்ப்யூட்டரைப் பிழைக்க வைத்தது, பல்லி புகுந்து கருகிய பவர் சப்ளையைக் கண்டுபிடித்தது, இப்படி. பொழிச்சலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "இருபது வருஷத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கிறீர்கள். ஒரு தடவைகூடச் சொதப்பியதில்லையா?"

அம்மா, நீங்கள் சும்மா கேட்டீர்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சொதப்பியிருக்கிறேன். சாதாரணச் சொதப்பல்களை மறந்தும்விட்டேன். ஒன்றை மறக்க முடியவில்லை. அதை எழுதாமல் இந்தத் தொடரை எழுதுவது அயோக்கியத்தனம் என்று தோன்றியதால் இந்த வாரம் எழுதுகிறேன்.

முந்நூறு வாக்கியங்கள்

மெஹர் அக்கா வீடு என் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக்கொண்டிருந்தவர். கீழே சாதிக் பாய்க்கு ஷூவின் மேல்தோலைத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை. அக்கா மாடியிலிருந்து "மீனு!" என்று கூப்பிட்டால் தெருக்கோடிக்குப் போய்விட்ட மீன்காரம்மா கூடையோடு திரும்பி வருவார். பேரம் முழுக்க மாடியிலிருந்தே நடக்கும். தெருவே கேட்கும்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் பெண் ஆயிஷா ஒரு காரியம் செய்தாள். பி.சி.ஏ. முடித்துவிட்டுத் தாம்பரத்தில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். ஒரு நல்ல மைக்கை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகி, அம்மாவை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்தாள். வீட்டில் ஒரு நாளைக்கு என்னென்ன பேசுவாரோ அத்தனையும். முந்நூறுக்கு மேல் வாக்கியங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் வைத்து ஒரு பக்கம் தயாரித்தாள். பட்டனைச் சொடுக்கினால் அம்மா பேசுவார்.

"ஆயிஷா" என்பதையே நாலு விதமாகப் பதிவு செய்திருந்தார்கள். சும்மா கூப்பிடுவது, கோபமாகக் கூப்பிடுவது, கொஞ்சுவது, இன்னொன்று இரண்டாவது மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவது. ஆயிஷா எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். நாலாவதைக் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அதில் வந்த இரைச்சல் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஒரே நாளில் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அவருக்கு அவர் குரல்தான் வேண்டும். அது இருந்தது கம்ப்யூட்டரில்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் நன்றாகத்தான் ஓடியதாம். இரண்டு மாதமாகச் சொடுக்கினால் அரை நிமிஷம், சில வாக்கியத்துக்கு ஒரு நிமிஷம்.

"இன்னா தம்பி பண்றது, பேஜாரா கீது" என்றார் பாய். "நான் ஒண்ணு கேட்டுட்டு பட்டறைக்கு எறங்கிப் போய்டறேன். அப்புறம் இவ பதில் வருது. இங்க யாருமே இல்ல, அது மட்டும் பேசிகினு கீது."

அக்கா ஒரு நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் நீட்டினார். *நான் பதில் சொல்றதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடறாங்க.*

பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயிஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் தாயார் கொஞ்சம் கறாரானவர். அவர் எதிரில் அக்கா ஊமைபோல உட்கார்ந்திருக்கக் கூடாது. கேட்டால் டக்கென்று பதில் வரவேண்டும். அந்த நாளுக்கென்றே அக்கா ஆபரேஷனுக்கு முன்னால் சில வாக்கியங்களைச் சொல்லி வைத்திருந்தார். "எங்களுக்கு ஒரே புள்ள. செல்லமா வளத்துட்டோம். கோவம் வந்தா கத்துவா, மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டா. நீங்கதான் பாத்துக்கணும்." மாப்பிள்ளை யார் என்றே தெரியாத காலத்தில் சொல்லி வைத்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஸ்பீடு பண்ணிக் குடுத்துடு தம்பி. உன்ன நம்பித்தான் கீறோம்."

"ராக்கெட் மாதிரி ஓட வைக்கிறேன் பாய், கவலைய விடுங்க" என்றேன். பெரிய இவன் மாதிரி.

டி-யில் போடுங்கள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

கம்ப்யூட்டருக்குள் ஹார்ட்டிஸ்க் என்று ஒரு பெட்டி இருக்கிறது. எல்லாம் அதில்தான் சேமிக்கப்படுகிறது. ஒரே டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் பழக்கம். ஒரு ஹாலைத் தடுப்பு வைத்து மூன்று அறையாக்கி வாடகைக்கு விடுவது மாதிரி. சி-யில் விண்டோஸ் இருக்கும். விண்டோஸ் அடிக்கடி கெட்டுப்போகும். அப்போது சி-யை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுவோம். டி-யில் இருக்கும் கல்யாண போட்டோ, பிள்ளைகள் மார்க் ஷீட் எதுவும் போகாது.

அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்வோம்: "முக்கியமானத எல்லாம் டி-ல போடுங்க. ஒண்ணும் ஆகாது."

நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "முக்கியமானதெல்லாம் டி-ல இருக்கு சார்" என்பார்கள். லாக்கரில் வைத்த நிம்மதியோடு சொல்வார்கள். அந்த நிம்மதியைக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

அந்த டிஸ்க்கே செத்துப்போனால் டி-யும் போகும், இ-யும் போகும். ஹாலே இடிந்தால் எந்த அறை மிஞ்சும்? இது எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிஷம் விளக்க வேண்டும். கடை வாசலில் நாலு பேர் நிற்பார்கள். "டி-ல போடுங்க" என்றால் ஒரு நொடியில் முடிந்தது.

சாதிக் பாய் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரை நிறுவியதும் நான்தான். அன்றைக்கும் அதையே சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகம் இல்லை. ஆயிஷாவுக்கு இருந்தது.

கலர் கட்டங்கள்

இன்னொரு பழக்கமும் உண்டு. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

மெதுவாகிவிட்ட கம்ப்யூட்டரைச் சரிசெய்யும்போது வாடிக்கையாளர் பக்கத்திலேயே நிற்பார். நாம் ரேம் என்கிற நினைவகத்தைக் கூட்டுவோம், வேண்டாத குப்பையை நீக்குவோம். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. "இவ்ளோதானா?" என்று கேட்பார். அதனால் நான் ஒரு பழைய மென்பொருளை விடாமல் வைத்திருந்தேன். டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் துண்டுகளையெல்லாம் வரிசையாக அடுக்குகிற வேலை அதற்கு. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். சிவப்புக் கட்டம் நீலமாகும், நீலம் நகர்ந்து வரிசையில் உட்காரும். பார்க்க அழகாக இருக்கும். "பரவால்லியே, நல்லா வேல நடக்குது" என்பார்கள். அதை ஓடவிட்டு நான் டீ குடிக்கப் போவேன்.

அதோடு கெட்டுப்போன இடங்களைத் தேடிப் பழுதுபார்க்கிற சோதனையையும் ஓட விடுவேன். நல்ல டிஸ்க்காக இருந்தால் இவற்றால் கெடுதல் இல்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்காக இருந்தால் இதைப்போலக் கொலைபாதகம் வேறு கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிற மனிதனை எழுப்பி மூட்டை தூக்க வைப்பதற்குச் சமம்.

டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. இலவசம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. மோசமாக இருந்தால் சிவப்பில் காட்டும். காட்டினால் எதையும் தொடாமல் முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? நானே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதில் கட்டங்கள் இல்லை. பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் அதைத் திறப்பதே இல்லை.

சனிக்கிழமை காலை

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். அந்த வயதுக் கம்ப்யூட்டருக்கான நினைவக அட்டை கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. சந்தையில் தார்ப்பாய் விரித்துப் பழைய ரிமோட், சார்ஜர், மிக்ஸி ஜாருக்கு நடுவில் போட்டு வைத்திருப்பார்கள். குனிந்து தேடி இரண்டு அட்டை எடுத்தேன். கடையில் புதிதாக ஓர் எஸ்.எஸ்.டி. இருந்தது. பழைய டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமானது, உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. பழையதில் இருப்பதை அப்படியே இதற்கு மாற்றிவிட்டால் அக்கா சொடுக்கியதும் குரல் வரும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை போனேன். ஆயிஷா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அரை நாள் வேலை.

"அண்ணா, எது வேணா பண்ணுங்க. அம்மா ஃபோல்டர் மட்டும் பத்திரம்."

"காப்பி இருக்காம்மா?"

"இருக்குண்ணா. டி-ல ஒண்ணு, இ-ல ஒண்ணு. நீங்கதானே அப்போ சொன்னீங்க, முக்கியமானத டி-ல போடச் சொல்லி. நான் சேஃப்டிக்கு இ-லயும் போட்டு வச்சேன்."

"கெட்டிக்காரி" என்றேன்.

அந்த வார்த்தையை இங்கே எழுதும்போது கை கூசுகிறது. அந்தப் பதிலை ஆயிரம் வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காது. உள்ளே போகவே இல்லை. அவள் படியிறங்கிப் போனாள். பாய் பட்டறைக்குப் போனார்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். கீழ்ப் பட்டறையின் தோல் தூசு கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்தேன். நினைவக அட்டைகளைச் செருகினேன். கம்ப்யூட்டர் கிளம்பியது. அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நோட்டில் எழுதிக் காட்டினார். *நாளைக்கு ரெடி ஆயிடுமா?*

"நாளைக்கு என்னக்கா, மத்தியானத்துக்குள்ள ரெடி. இப்ப பழைய டிஸ்க்க சுத்தமா அடுக்கிட்டு, அப்படியே புதுசுக்கு மாத்திடப் போறேன். பாருங்க வேடிக்கைய."

எஸ்.எஸ்.டி. என் பையில் இருந்தது. முதலில் அதற்கு நகல் எடுத்திருந்தால் ஒரு மணி நேரம், அதற்குள் முடிந்திருக்கும். எந்த அவசரமும் இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாரே, அவருக்கு எதையாவது காட்ட வேண்டுமே என்று கட்டங்களை ஓட விட்டேன். சத்தியமாக வேறு காரணம் கிடையாது.

அக்கா ஆர்வமாகத்தான் பார்த்தார். சிவப்புகள் நீலமாயின. கொஞ்ச நேரம் கழித்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கீழே பெட்டியைக் காட்டினார். காதில் கை வைத்துக் காட்டினார்.

டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக்.

எனக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று எழுதினால் உங்களில் பலர் நம்புவீர்கள், ஃபேன் ஓடியது, பட்டறை மிஷின் ஓடியது என்று. கேட்டது.

"அது அப்படித்தான்க்கா. பழைய டிஸ்க்கு, வேல செய்யுது."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். மவுஸைப் பிடிக்கக் கை நீட்டினார். திரை முழுக்கக் கட்டங்கள். அவருடைய பட்டன் பக்கத்தை நான் மூடியிருந்தேன். நோட்டைத் தேடினார், அது எங்கோ என் ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியில் போயிருந்தது. கையைத் தட்டினார். நான் போனில் வேறொரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டு, "அஞ்சு நிமிஷம்க்கா" என்று விரலைக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனேன்.

டீ குடித்தேன். பாயோடு நின்று ஞாயிற்றுக்கிழமை சமையலைப் பற்றிப் பேசினேன்.

திரும்பி வந்தபோது கட்டங்கள் அசையவில்லை. டிக் டிக் டிக் என்று இடைவெளியே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அணைத்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. டிஸ்க் இல்லை என்றது.

கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், அதே எழுத்து.

"சின்னப் பிரச்சினைதான்க்கா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மத்தியானம் ஆயிஷா வந்தாள். டிஸ்க் போய்விட்டது, சிட்டியில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்தால் எடுத்துக் கொடுப்பார்கள் என்று சொன்னேன். அவள் பதறவே இல்லை. "பரவால்லண்ணா. இ-ல இருக்கே" என்றாள்.

"அது... டி-யும் இ-யும் ஒரே டிஸ்க்தாம்மா."

அவள் கம்ப்யூட்டர் படித்த பெண். நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்த விஷயம்தான், என்றைக்கோ நான் சொன்ன வாக்கு அதற்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அப்புறம் ஏண்ணா கெட்டிக்காரின்னு சொன்னீங்க?"

"டிஸ்க் ரொம்பப் பழசும்மா. எப்ப வேணா போயிருக்கும்" என்றேன். அது பாதி உண்மை. அன்று நான் பேசியதில் மிகக் கேவலமானது அந்தப் பாதிதான்.

ஞாயிறு

டிஸ்க்கை அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுத்தேன். பத்து நாளாகும் என்றார்கள். கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி.யைப் போட்டுப் புது விண்டோஸ் ஏற்றினேன். அந்தப் பட்டன் பக்கம் சின்னக் கோப்பு என்பதால் ஆயிஷாவின் மெயிலில் இருந்தது. குரல்கள் பெரிய கோப்புகள், மெயிலில் போகவில்லை என்று அனுப்பாமல் விட்டிருந்தாள். பக்கம் மட்டும் திறந்தது. முந்நூறு பட்டன்களும் வரிசையாக நின்றன. ஒன்றிலும் சத்தம் இல்லை.

போனில் ஏதாவது இருக்குமா என்று தேடினோம். அக்கா குரல் செய்தி அனுப்புகிற ஆள் இல்லை. எதற்கும் நேராகக் கூப்பிட்டுக் கத்துகிற ஆள். ஒரு கல்யாண வீடியோவில் அவர் வாயசைவது தெரிகிறது, மேலே பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பாய் பிறகு சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் ஏதோ கேட்டார். அக்கா நோட்டில் எழுதி நீட்டினார். அந்த அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. நோட்டு கைமாறிக் கைமாறி மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் போய், அவர் எழுத்துக் கூட்டி எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். "ஒரே புள்ள. செல்லமா வளத்துட்டோம்." அவர் படித்த விதத்தில் ஒரு சின்னப் பையன் சிரித்துவிட்டானாம். அதற்கப்புறம் அக்கா எதையும் எழுதவில்லை.

அந்த இடம் அமையவில்லை. காரணம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

"அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல தம்பி" என்றார் பாய். "நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. அல்லாஹ் நாடல, அவ்ளோதான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது

ஆய்வகத்திலிருந்து வந்தது ஒன்பது. உள்ளே தகடுகள் கீறிப்போய்விட்டன, இதற்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். "இதுக்கு முன்னாடி யாராவது ரொம்ப நேரம் ஓட விட்டாங்களா சார்?" என்று ஆய்வகத்துப் பையன் கேட்டான். "தெரியல" என்றேன்.

ஒன்பதையும் கடையில் வைத்துக் கேட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன். "ஆயிஷா" ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று சொல்லி வைத்தது எதுவும் இல்லை. "கேஸ் வந்துச்சா?" இருந்தது. "பால் பொங்குது பாரு" இருந்தது. ஒன்றில் வெறும் செருமல், பிறகு "பேசவா?" என்ற கேள்வி, பின்னால் ஆயிஷாவின் சிரிப்பு. இரண்டு பாதியில் அறுந்துபோனவை. மீதி, வருகிறவர் போகிறவரிடம் சொல்கிற சாதாரணப் பேச்சு.

பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பாய் ஏதோ தோல் வாங்கப் போயிருந்தார். ஆயிஷா ஆபீசில். அக்கா மட்டும் இருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். இந்த ஒன்பது பட்டன்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட்டேன். திரை காலியாக இருந்தது.

போகலாம் என்று எழுந்தவன் நின்றேன். இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமா, சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும் என்ற ஆசையா, அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

"அக்கா, டிஸ்க் பழசுன்னு சொன்னேன் இல்ல, அது பொய். பழசுதான். ஆனா அன்னிக்குக் காலைல அதுல எல்லாம் இருந்துச்சு. மொதல்ல காப்பி எடுத்திருந்தா எல்லாமே வந்திருக்கும். என் பையில புது டிஸ்க் இருந்துச்சுக்கா. நீங்க சத்தம் வருதுன்னு காட்டினீங்க. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போனேன். நாந்தான்க்கா கெடுத்தேன். என்ன மன்னிச்சிடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது ஆம்பளை, ஸ்க்ரூடிரைவர் பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா ஏதாவது எழுதுவார், பரவாயில்லை என்று தலையாட்டுவார் என்று காத்திருந்தேன். ஆமாம், அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவர் நோட்டை எடுக்கவில்லை. திரைப்பக்கம் திரும்பி மவுஸைப் பிடித்தார். ஒன்பதில் ஒன்றைச் சொடுக்கினார். வட்டம் சுற்றவில்லை. விரல் அழுத்திய அதே நொடியில் அந்தக் கணீர்க் குரல் வந்தது.

"போறப்ப கதவ சாத்திட்டுப் போங்க."

சாத்திவிட்டு வந்தேன்.